படியேறிய கிடாரி

படிக்கட்டைப் பார்த்ததும் முழங்காலைத் தடவிக்கொள்ளும் வயது நமக்கெல்லாம் வந்துவிட்டது. காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நாம் பேசுவதில் பாதி லிஃப்ட் பற்றியதுதான். யார் வீட்டில் இருக்கிறது, யார் வீட்டில் அடிக்கடி நின்றுபோகிறது, யார் பிள்ளை லிஃப்ட் இல்லாத வீட்டை வாங்கித் தொலைத்தான். போன மாதம் என் மகளின் கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். பதினோராவது மாடி. பசுவும் கன்றும் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நின்றன. கோமியம் மட்டும் ஒரு டம்ளரில் லிஃப்ட் ஏறி வந்தது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன். ஏன் என்று ஒருத்தி கேட்டாள். சாவகாசமாகச் சொல்கிறேன் என்றேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பால்காரர் வீடு. ஜோகுபாளையத்தில் முன்னால் இரண்டு அறை, பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை, அதில் நாலு மாடுகள். அப்பா கறப்பார். அம்மா தீவனமும் சாணியும் பார்ப்பாள். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பால் கேனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவாள். கல்யாணமாகி ஆறு வருஷம் வாழ்ந்து, குழந்தை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள். எனக்கு அவள் அத்தை என்பது தெரியும், ஏன் எங்களோடு இருக்கிறாள் என்பது தெரியாது. ஊற வைத்த பிண்ணாக்கு வாசனையும் மஞ்சள் சோப்பு வாசனையும் கலந்த அவள் புடவையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்குவேன்.

நாலாவது மாட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அது பிறந்தது. பிறந்த வாரமே அதன் தாய் காய்ச்சலில் செத்துப்போனது. அதே மாதம் பெய்த மழையில் ஏரிப் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் எங்கள் கொட்டகைக்குள் வந்துவிட்டது. பெரிய மாடுகளை மேட்டுத் தெருவில் கட்டினார்கள். கன்றுக்குட்டியை எங்கே கட்டுவது? எதிர் வீட்டுக்காரர் மாடி எடுத்துக்கொண்டிருந்தார். மழைக்கு வேலை நின்றுபோய், பூசாத சுவரும் கைப்பிடி இல்லாத படியுமாகக் கிடந்தது. கன்றை அங்கே மாடியில் கட்டிக்கொள்ளச் சொன்னார். இரண்டு மாதம், காலையும் மாலையும், புட்டிப்பாலைக் காட்டி அதைப் படியில் ஏற்றி இறக்கியது நான்தான். வழுக்காமல் இருக்கக் கோணிப்பையை விரிப்பேன். இறங்கும்போது அதன் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டு நான் பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்குவேன். தண்ணீர் வடிந்ததும் அது கொட்டகைக்குத் திரும்பிவிட்டது. அந்த மழையை எல்லாரும் மறந்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். முதல் கன்று போட்ட பிறகுதான் மாட்டுக்குப் பேர் வைப்பார்கள். அதுவரைக்கும் அது கிடாரிதான். இந்தக் கிடாரிக்கு மூன்று வயதாகியும் பேர் வரவில்லை. ஊசி போடும் டாக்டர் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் சினை நிற்கவில்லை. அப்பா மாட்டைப் பார்ப்பது லிட்டர் கணக்கில். அந்தக் கணக்கில் கிடாரி வெறும் வைக்கோல் செலவு. 'மலட்டு மாடு' என்று அம்மாவிடம் சொல்வார். அத்தை பக்கத்தில் இருந்தால் குரலைத் தாழ்த்திச் சொல்வார். தாழ்த்திய குரல்தான் நன்றாகக் கேட்கும் என்பது இத்தனை வயதில் நமக்குத் தெரிகிறது, அப்பாவுக்குத் தெரியவில்லை.

எனக்குப் பதினோரு வயது ஆன அந்த வருஷத்துக் கோடையில் வீட்டில் முகங்கள் எல்லாம் சரியில்லை. தெருமுனையில் பாக்கெட் பால் பூத் வந்துவிட்டது. அத்தையின் கேன் காலியாகாமலே திரும்பி வர ஆரம்பித்தது. மிச்சப் பாலை அம்மா உறைக்கு ஊற்றி ஊற்றி, வீடு முழுக்கப் புளித்த வாடை. அப்பா அதற்கும் லிட்டரில்தான் வழி தேடினார். நகரத்துக்கு வெளியே, ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா தாண்டி இடம் பார்க்கப் போவதும், சீமை மாடு இருபது வாங்கினால் ஓட்டல்களுக்கே ஊற்றலாம் என்று பேசுவதுமாக இருந்தார். முதல் காரியமாகக் கிடாரியைத் தள்ளிவிடுவது என்று முடிவானது. அடுகோடிப் பக்கத்திலிருந்து ஒரு தரகர் வந்து பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். எங்கே என்று நான் கேட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல், "போய் பாடம் படி பாப்பா" என்றாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அத்தை பால் ஊற்றப் போன இடத்தில் ஒரு கூத்து நடந்தது. மூன்றாவது தெருவில் மாடி வீட்டுக் கிரகப்பிரவேசம். புரோகிதர் எங்கிருந்தோ ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அது மூன்றாவது படியில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்தால் கத்துகிறது, தள்ளினால் சாணி போடுகிறது. கடைசியில் வாசலிலேயே பூஜையை முடித்து அனுப்பினார்களாம். வீட்டுக்கார அம்மாள் கண்ணில் தண்ணீர். அத்தை கேனைக் கீழே வைத்ததும் வைக்காததுமாக இதைச் சொன்னாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணா, போற வழியில எண்ணிக்கினே போனேன். நம்ம லைன்ல மட்டும் ஏழு வீட்ல மாடி எடுக்கறாங்க. இருக்கறவன், இல்லாதவன் எல்லாரும் மேல மேல கட்றாங்க. மாடுதான் கீழயே நிக்குது."

"அதுக்கு?"

"நம்ம கிடாரி ஏறும்."

அப்பா வைக்கோலை உதறுவதை நிறுத்தினார். "தாலியறுக்கறதுக்குன்னே யோசிப்பியா நீ? மாட்டுக்குத் துணி போர்த்தி வீடு வீடா ஓட்டிக்கினு போறதுக்கு நாம என்ன பூம்பூம் மாட்டுக்காரங்களா? பால்காரங்க நாம."

"பாலே போணியாகல. இன்னா பால்காரங்க?"

அம்மா குறுக்கே வந்தாள். "அதெல்லாம் இருக்கட்டும். கன்னு போடாத மாட்ட யாரு நல்ல காரியத்துக்கு வாசப்படி ஏத்துவாங்க?"

சொன்ன பிறகுதான் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தை முந்தானையால் கேனின் வாயைத் துடைத்தாள், அது ஏற்கெனவே துடைத்த கேன். பிறகு சாதாரணமாகச் சொன்னாள், "நம்ம கொட்டகைல சிகப்பியோட கன்னு இருக்கே அண்ணி. கூட ஓட்டிக்கினு போனா யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் ஏற்கெனவே ஒரு வீட்டைப் பேசி வைத்திருந்தாள். தங்கவயலிலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டுக்காரர் சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவர். எங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருந்துகொண்டு, பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டின் மேல் மாடி கட்டியிருந்தார்கள். தினமும் அத்தையிடம் பால் வாங்கும்போது தங்கவயல் அம்மா சொல்வாராம், "இவரு ஆயுசு பூரா பூமிக்குள்ளவே எறங்கினாரும்மா. அதான் பிடிவாதமா மேல கட்டினேன். மாடு மேல வந்தாகணும். கீழ நிக்க வெச்சுக் கும்புட மாட்டேன்." வருகிற வியாழக்கிழமை காலை ஏழரைக்கு மேல் முகூர்த்தம். தரகர் வருவது வெள்ளிக்கிழமை. அப்பா விரலை நீட்டி, "ஒரு தபாதான். ஏறலன்னா வெள்ளிக்கிழமை கயித்த அவுத்துக் குடுத்துடுவேன். அப்புறம் யாரும் அழக்கூடாது" என்றார். இதை என்னைப் பார்த்துச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் கிடாரியை எதிர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அந்த மாடி இப்போது பூசி, சுண்ணாம்பு அடித்து, கைப்பிடியெல்லாம் வைத்து ஆளே மாறிப் போயிருந்தது. மூன்று வருஷத்தில் மறந்திருக்காதா? கிடாரி முதல் படியை முகர்ந்து பார்த்தது. மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு வெளியூர் போய் வந்த குடித்தனக்காரி மாதிரி விறுவிறுவென்று ஏறி, பழைய மூலைக்குப் போய், அங்கே காய்ந்துகொண்டிருந்த மிளகாயை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது. வீட்டுக்காரர் மனைவி கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

வியாழக்கிழமை. கிடாரியைத் தேய்த்துக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டோம். அம்மா தன்னுடைய பழைய பட்டுப் புடவையின் கிழிசலை மடித்து முதுகில் போர்த்திவிட்டாள். சிகப்பியின் கன்றை நான் பிடித்துக்கொண்டேன். அதன் தாயைக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தோம். தெருத் திரும்பும் வரைக்கும் சிகப்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

இருபத்திரண்டு படி. ஒரு ஆள் அகலம்தான். கோணிகளை விரித்தோம். அத்தை முன்னால் ஏறினாள், கிடாரி பின்னால், அதன் பின்னால் கன்றோடு நான். ஒவ்வொரு படிக்கும் அத்தை திரும்பிப் பார்த்து, "வாம்மா, இன்னும் நாலு படிதான்" என்றாள். முதல் படியில் நின்றபோதும் நாலு படிதான். பத்தாவது படியிலும் நாலு படிதான். கிடாரிக்கு எண்ணத் தெரியாதே என்று நான் நினைத்துக்கொண்டேன். புதுச் சிமென்ட் வாசனையும் மாவிலை வாசனையும் சாம்பிராணிப் புகையும் மேலேயிருந்து இறங்கி வந்தன. கதவுக்கு முன்னால் கிடாரி போய் நின்றதும் உள்ளே இருந்தவர்கள் கைதட்டியே விட்டார்கள்.

அத்தை வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். அவள் எந்த நல்ல காரியத்திலும் அப்படித்தான், பாலைக் கொடுத்துவிட்டுப் படியோடு திரும்பிவிடுவாள். கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

அப்போதுதான் கன்று கத்த ஆரம்பித்தது. அதற்கு அதன் அம்மா வேண்டும். கிடாரியின் காலுக்கிடையில் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, ஏமாந்துபோய் இன்னும் உரக்கக் கத்தியது. தங்கவயல் அம்மா தட்டும் கற்பூரமுமாக நின்றவர், "பசிக்குதோ இன்னாவோ, குடிக்கட்டும் உடுங்க. நம்ம வாசல்ல கன்னு பால் குடிச்சா நல்லதுதானே" என்று குனிந்து, கன்றைக் கிடாரியின் மடிப்பக்கம் தள்ளினார்.

இப்போதுதான் குடித்தது, வயிறு நிறைந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தை அப்படித்தான் சொல்லப் போகிறாள் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது இவ கன்னு இல்லம்மா" என்றாள் அத்தை. "இவளுக்குக் கன்னே கெடையாது. பொய் சொல்லி இட்டாந்துட்டேன். நாளைக்கு இவள வித்துடுவாங்க, அதுக்குத்தான். தப்புதான். உங்க புது வீட்டு வாசல்ல பொய் வேணாம்."

புரோகிதர், "ஏனம்மா இது!" என்று கன்னடத்தில் அதட்டினார். உறவுக்காரப் பெண் ஒருத்தி, "மலட்டு மாட்டையா மொத மொதல்ல..." என்று ஆரம்பித்தாள். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் போச்சு, வெள்ளிக்கிழமை போச்சு, அத்தை இப்படிப் பண்ணிவிட்டாளே என்று அவள்மேல் ஆத்திரமாக வந்தது. அவளை அப்போது அடித்திருப்பேன்.

தங்கவயல் அம்மா கொஞ்ச நேரம் கிடாரியைப் பார்த்தார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உறவுக்காரப் பெண்ணிடம்தான் பேசினார்.

"ஷிஃப்ட் முடியற நேரத்துக்கு நாங்கெல்லாம் சுரங்கத்து வாசல்ல போய் நிப்போம். உள்ள பாறை சரிஞ்சுதுன்னு சேதி வந்தா, ஊரே நிக்கும். அப்ப மேல ஏறி வர ஒவ்வொருத்தரையும் யாரு, என்னா, புள்ள இருக்குதா இல்லியான்னு கேட்டுக்கினா இருந்தோம்? ஏறி வந்துட்டாங்களான்னுதான் பாப்போம். இவ ஏறி வந்துட்டா." கற்பூரத்தட்டைக் கிடாரிக்குச் சுற்றினார். சுற்றி முடித்து வெளியே பார்த்து, "நீயும்தான் ஏறி வந்திருக்க. ஏன் அங்கயே நிக்கற? உள்ள வா" என்றார்.

அத்தை வரவில்லை. தங்கவயல் அம்மா போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அடுப்பில் பால் பொங்கும்போது அத்தை அங்கே இருந்தாள். என் ஆத்திரம் எங்கே போனது என்று தெரியவில்லை, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

ஏறுவது பெரிதில்லை, இறங்குவதுதான். கிடாரி என் கையில் தாடையை வைத்துக்கொண்டு இறங்கத் தயார். சிகப்பியின் கன்றுதான் முதல் படியில் நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டது. தூக்கலாம் என்று அத்தை குனிந்தாள். அதற்குள் கிடாரி கழுத்தைத் திருப்பி, அந்தக் கன்றின் முகத்தை நக்கியது. காதை நக்கியது. நக்கிக்கொண்டே ஒரு படி இறங்கி நின்றது. கன்று ஒட்டிக்கொண்டு ஒரு படி இறங்கியது. இருபத்திரண்டு படியும் அப்படியே இறங்கினோம். கீழே வந்து பார்த்தால் கடைசிக் கோணி நழுவாமல் இருக்க அதன் முனையைக் காலால் மிதித்துக்கொண்டு அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு பார்த்தார், எதுவும் கேட்க நாங்கள் துணியவில்லை. "வெயில் ஏறுது, ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தரகர் வந்தார். அப்பா டீ வாங்கிக் கொடுத்து, மழை தண்ணி எல்லாம் விசாரித்து, வெறுங்கையோடு அனுப்பி வைத்தார். பிறகு கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், "ஊர்ல கேக்கறாங்க, மாட்டுப் பேரு இன்னான்னு. கிடாரின்னா சொல்றது? பேரு வெச்சுடலாம்" என்றார். எங்கள் வீட்டு வழக்கத்தை அவரே உடைக்கிறார் என்பது எனக்குக் கூடப் புரிந்தது. "நீயே வெய்யிம்மா" என்றார் தங்கையிடம்.

அத்தை யோசிக்கவே இல்லை. "கலைச்செல்வி" என்றாள்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாட்டுக்கு யாராவது கலைச்செல்வி என்று பேர் வைப்பார்களா? ரேஷன் கார்டில் எழுதுகிற பேர்! அம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். வெகு நேரம் வெளியே வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என் பேரை விட அது நல்ல பேர்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஜோகுபாளையத்துக்கே தெரியும். அத்தை மறுபடி யாரிடமும் பொய் சொல்லவில்லை. "எங்க கலைச்செல்விக்குக் கன்னு கெடையாது. ஆனா எத்தனை படி, எத்தனை மெட்டிலானாலும் ஏறும். வேணும்னா கூப்புடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். முகம் சுளித்தவர்களும் உண்டு. கூப்பிட்டவர்கள்தான் அதிகம். அடுகோடி வரைக்கும் கலைச்செல்வி ஏறாத மாடி கிடையாது. அத்தை அதோடு நிற்கவில்லை. பாக்கெட் பால் போடுகிறவன் மாடி ஏறமாட்டான், கேட்டிலேயே வீசிவிட்டுப் போவான் என்பதைக் கவனித்து வைத்திருந்தாள். தன் மாடு ஏறிய வீட்டுக்கெல்லாம் மறுநாளே கேனோடு தானும் ஏறினாள். கேன் மறுபடி காலியாக வர ஆரம்பித்தது. பொம்மசந்திரா இடத்தைப் பற்றி அப்பா பேசுவதை நிறுத்திக்கொண்டார். அத்தனை வருஷம் மாட்டின் மடியையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், தெருவில் செங்கல் இறங்கினால் அத்தைக்கு முதலில் வந்து சொல்கிற ஆளாக மாறிப்போனார்.

கலைச்செல்வி வயதாகி, எங்கள் கொட்டகையிலேயே, ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பட்டுப் புடவைத் துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் எத்தனையோ பெட்டிகளில் தேடிவிட்டேன்.

என் மகளுக்குப் பேர் வைத்த அன்று, அத்தை மடியில் குழந்தையைப் போட்டு அவள்தான் காதில் பேரைச் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அம்மா எழுந்து வந்து, குழந்தையை என்னிடமிருந்து வாங்கித் தானே அத்தை மடியில் வைத்தாள். அத்தை கிழவியாகிவிட்டிருந்தாள். நாங்கள் தேர்ந்தெடுத்த பேரை மூன்று முறை சொன்னாள்.

அன்று சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னாள். "உன்னத் தொட்டில்ல போட்டப்போ அத்ததான் பேர் சொல்லணும், அதான் மொற. மூணு மாசமா ஒரு பேர வெச்சுக்கினு சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினு இருந்தா. நான்தான் வேணாம்னேன். கொழந்த இல்லாதவ வாயால வேணாம்னு சொல்லி, எங்க அக்காவ உட்டு வேற பேரு வெச்சேன். அவ வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிட்டா. ஒரு வார்த்த கேக்கல." குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா அழுதாள்.

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

அத்தையும் இல்லை, அம்மாவும் இல்லை. போன வாரம் கரண்ட் போய் எங்கள் வீட்டு லிஃப்ட் நின்றுவிட்டது. காய்கறிப் பையோடு மூன்று மாடி. பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால் இரண்டும் தீயாக எரிந்தன. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு நானே வாய்விட்டுச் சொன்னேன்: "கலைச்செல்வி, வாம்மா. இன்னும் நாலு படிதான்."

ஏறிவிட்டேன்.